நாலாம் அறையில் கேட்ட சத்தம்

திங்கட்கிழமை மதியம், ஆலையின் உணவுக்கூடத்தில், தன் கைப்பேசியைத் தண்ணீர்க் குவளைமேல் சாய்த்து நிறுத்திவிட்டு எல்லோரையும் வாயை மூடச் சொன்னான் ரேடியோ. எஞ்சின் பொருத்தும் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் அவன். எந்தச் செய்தியும் அறிவிப்புப் பலகைக்கு வருமுன் அவன் வாய்க்கு வந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். அப்படிப்பட்டவனே அமைதியைக் கோரியது அதிசயம் என்பதால், சுற்றியிருந்த ஐந்தாறு மேசைகளில் கரண்டிகள் பாதி வழியில் நின்றன.

கைப்பேசியிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. முதலில் தாழ்ந்த முனகல். அது மெல்ல ஏறிக் கூர்மையாகி அலறலாயிற்று. சட்டென்று ஒரு படி இறங்கி, மறுபடி ஏறி முன்னதைவிட உயரத்தைத் தொட்டது. மீண்டும் ஒரு படி இறங்கிற்று. பந்தயக் கார் ஒன்று கியர் மாற்றி மாற்றி நேர்ப்பாதையில் பறப்பதைத் தொலைக்காட்சியில் கேட்ட எவருக்கும் அது அந்நியமாக இராது. பத்தொன்பது விநாடி. அவ்வளவுதான்.

"கேட்டீங்களா? நம்ம பின்பக்க மதிலுக்கு வெளியே நின்னு எவனோ பதிவு பண்ணியிருக்கான். ரேஸ் செய்தி மட்டுமே போடுற ஒரு வெப்சைட்ல காலையில வந்தது. தலைப்பைக் கேளுங்க" என்று ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். "'எஞ்சின் சப்ளையராகக் களமிறங்குகிறதா நிறுவனம்? மதிலுக்குப் பின்னால் பதினைந்தாயிரம் சுற்று!'"

அதை எழுதியவர் வெறும் வாயை மென்றவர் அல்லர். சத்தத்தைக் கணினியில் போட்டு அலசி, அதன் உச்சத்தில் நிமிடத்துக்கு நாற்பத்தையாயிரம் துடிப்புகள் இருப்பதைக் கண்டறிந்திருந்தார். உலகின் உச்சநிலைக் கார் பந்தயத்தில் ஓடுவன ஆறு சிலிண்டர் எஞ்சின்கள். அவை ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கும். ஆக, மூன்றால் வகுத்தால் நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்று. சாலையில் ஓடும் எந்தக் காரின் எஞ்சினும் அந்த வேகத்தில் சுழலாது. பந்தயத்தின் புதிய விதிகள் இரண்டு ஆண்டுகளில் நடைமுறைக்கு வருகின்றன. எந்தெந்த நிறுவனங்கள் எஞ்சின் கொடுக்கப் போகின்றன என்று உலகமே ஊகித்துக்கொண்டிருக்கும் வேளை. இத்தனையையும் ஒரே நூலில் கோத்து, முடிவில் ஒரு கேள்விக்குறியோடு நிறுத்தியிருந்தார் அவர். உணவுக்கூடத்தில் இருந்தவர்களின் கண்ணுக்கு அந்தக் கேள்விக்குறி மட்டும் படவில்லை.

படாததற்குக் காரணம் இருந்தது. மூன்று வாரங்களுக்கு முன்புதான், இன்னும் பதினொரு மாதத்தில் இந்த ஆலையில் எஞ்சின் தயாரிப்பு நிறுத்தப்படும் என்று நிறுவனம் அறிவித்திருந்தது. இரயிலில் ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்தால் எட்டும் தூரத்தில் நிறுவனத்தின் புதிய பேட்டரி ஆலை இருந்தது. அங்கே மாற்றல் வேண்டுவோர் படிவத்தில் கையெழுத்திட்டுப் பணியாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. கொடுக்காதவர்கள் பதினொன்றாம் மாத முடிவில் வீட்டுக்குப் போகலாம். இந்த மூன்று வாரமாக அந்த உணவுக்கூடத்தில் இழவு வீட்டுப் பந்தியில் உண்பதுபோல் தலை குனிந்து உண்டவர்கள்தாம் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ரேஸ் எஞ்சின் பண்றவன் எஞ்சின் ஆலையை மூடுவானா?" என்றது ஒரு குரல்.

"பேட்டரியை வெச்சா ரேஸ் எஞ்சின் பண்ணுவான்?" என்றது இன்னொன்று.

"இருங்கப்பா. வைத்தியர் இங்கதானே உக்காந்திருக்கார். அவரைக் கேட்டா தீர்ந்தது" என்றான் ரேடியோ.

எல்லாத் தலைகளும் மூலை மேசைக்குத் திரும்பின.

வைத்தியர் எனப்பட்டவர் சோதனை அறைகளின் மேற்பார்வையாளர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓடும் எஞ்சினின் மேல் நீளமான திருப்புளியின் முனையை வைத்து, பிடியைத் தன் காதில் அழுத்திக்கொண்டு, "ரெண்டாம் சிலிண்டர்ல ஒரு வால்வு சரியா உக்காரலை" என்று சொன்னார். பிரித்துப் பார்த்தபோது அப்படியே இருந்தது. அன்றிலிருந்து வைத்தியர். கருவிகள் பெருகி, எல்லாவற்றையும் திரை காட்டத் தொடங்கிய பிறகும், திரைக்கும் அவர் காதுக்கும் முரண்பாடு வந்தால் ஆலை அவர் காதைத்தான் நம்பியது. அவருக்கு எதிரே உட்கார்ந்து உண்டுகொண்டிருந்தவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. 'ஹெட்' எனப்படும் சிலிண்டர் தலைகளில் வால்வு அமரும் 'சீட்' வளையங்களை வெட்டுவது அவன் தொழில். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் முகம் சுளிப்பவன்.

"சொல்லுங்க மாமா. அந்தச் சத்தம் எந்த ரூம்?" என்றான் அவன்.

"நாலாம் நம்பர் ரூம்தான்" என்றார் வைத்தியர்.

அவர் சொன்னது உண்மை. அதற்கடுத்த வாக்கியமும் உண்மைதான். அது அவர் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதற்குள் யாரோ மேசையைத் தட்டினார்கள், யாரோ விசிலடித்தார்கள். மைத்துனன் அவர் தட்டிலிருந்ததையும் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, "எங்க மாமா காது சொன்னா அப்பீலே கிடையாது!" என்று கூவினான். வைத்தியர் தண்ணீர் குடித்தார். வராத வாக்கியம் தண்ணீரோடு உள்ளே இறங்கிப் போயிற்று.

அந்த வாக்கியம் இதுதான்: அந்தச் சத்தம் எழுந்தபோது நாலாம் அறையில் எஞ்சினே இல்லை.

சோதனை அறையில் எஞ்சினுக்கு எதிரே டைனோ என்ற பெரிய மின்பொறி ஒன்று நிற்கும். எஞ்சினின் தண்டையும் டைனோவின் தண்டையும் இணைத்துவிட்டால், சாலை கொடுக்கும் சுமையை டைனோ கொடுக்கும். வேண்டுமானால் தானே சுழன்று எஞ்சினை இழுக்கவும் செய்யும். நாலாம் அறையின் டைனோவை நிறுவனம் இரண்டு மாதத்துக்கு முன்பே விற்றுவிட்டது. கழற்றுமுன் எஞ்சின் இணைக்காமல் அதை முழு வேகத்துக்கு ஒருமுறை ஓட்டி, அதிர்வைக் குறித்துக் கொடுக்கச் சொன்னார்கள். போன வியாழக்கிழமை வைத்தியர் அதைத்தான் செய்தார். படிப்படியாக ஏற்றி, ஐயாயிரம் சுற்றைத் தொட்டு, இறக்கி, குறித்துக் கையெழுத்தும் போட்டார். பத்தே நிமிட வேலை. அதோடு அணைத்திருக்க வேண்டும்.

அணைக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் தன்னோடு உழைத்த பொறி அது. இன்னும் இரண்டு நாளில் அதை லாரியில் ஏற்றிவிடுவார்கள். யாரும் பார்க்கவில்லை என்ற துணிவில், வேகக் குமிழைக் கையில் பிடித்துக்கொண்டு, சிறுபிள்ளை வாயால் கார் ஓட்டுவதுபோல் அதை ஏற்றினார், சட்டென்று இறக்கினார், மறுபடி ஏற்றினார். டைனோவைக் குளிர்விக்க அதன் தண்டிலேயே ஒரு விசிறி பொருத்தப்பட்டிருந்தது. அதற்கு ஒன்பது இறக்கைகள். ஐயாயிரத்தை ஒன்பதால் பெருக்கினால் நாற்பத்தையாயிரம். காற்றோட்டக் குழாயை ஏற்கெனவே கழற்றிவிட்டதால், சூடு வெளியேறப் பின்பக்க இரும்புக் கதவைத் திறந்து வைத்திருந்தார். விசிறியின் ஊளை அந்த வழியே வெளியேறி, மதிலைத் தாண்டி, அந்தப் பக்கமாகப் போன பந்தயப் பைத்தியம் ஒருவரின் காதில் விழுந்தது. அந்த மனிதர் வகுத்திருக்க வேண்டியது ஒன்பதால். அவர் மூன்றால் வகுத்தார்.

இதை ஏன் சொல்லவில்லை என்று அன்று மாலை பேருந்தில் வைத்தியர் தன்னைத்தானே விசாரித்தார். சோதனை அறைகள் விற்பனையான செய்தி வெள்ளிக்கிழமை வரை வெளியே போகக் கூடாது என்று பிரிவு மேலாளர் அவரிடம் வாக்கு வாங்கியிருந்தார், அது ஒன்று. பேட்டரி ஆலைக்குச் சோதனையாளர்கள் தேவை என்று முதல் வாரமே அவரை அழைத்து மாற்றலை உறுதி செய்திருந்தார்; அதையும் காதும் காதும் வைத்தாற்போல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்; அது இரண்டு. ஐம்பத்து மூன்று வயதில் நிறுவனத்தின் பொறியை வைத்து விளையாடினேன் என்று எப்படிச் சொல்வது, அது மூன்று. ஆனால் இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அடியில் இன்னொன்று கிடந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு அந்தக் கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு தன் சொல்லிலிருந்து புறப்பட்டது. அதை அணைக்க அவருக்கு மனம் வரவில்லை. இரக்கம் என்று அதற்குப் பெயர் வைக்கலாமா என்று யோசித்தார். இறங்கும் இடம் வந்துவிட்டது.

செவ்வாய், புதன் இரண்டு நாளில் சத்தம் வளர்ந்து உருவம் பெற்றுவிட்டது. அந்த எஞ்சின் வாரத்துக்கு மூன்று முறை ஓடுகிறது என்றார்கள். வார்ப்புப் பட்டறையில் இரண்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் அறையில்தான் அதன் அச்சுகள் இருக்கின்றன என்றார்கள். ஆலை மூடல் அறிவிப்பே போட்டி நிறுவனங்களைத் திசைதிருப்பச் செய்த தந்திரம் என்று ஒருவர் விளக்கியபோது, அதை மறுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு பொருத்தமாக இருந்தது அது. வெப்சைட்டுக்காரர் ஆலைத் தொழிலாளர்களின் பேச்சைக் கேட்டு, "உள்வட்டாரங்கள் உறுதி செய்கின்றன" என்று மறு செய்தி எழுதினார். உள்வட்டாரங்கள் அந்த மறு செய்தியைப் படித்துவிட்டு, "பார்த்தியா, உறுதியே பண்ணிட்டாங்க" என்றன. நம்பிக்கை தன் வாலைத் தானே கவ்விச் சுழன்றது. அந்தச் சுழற்சியின் நடு அச்சாக நின்றது ஒரே ஒரு வாக்கியம்: வைத்தியரே சொல்லிவிட்டார்.

மாற்றல் படிவம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

புதன்கிழமை மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பல நாளாகக் காணாத வெளிச்சம்.

"என்னங்க, தம்பி போன் பண்ணினான். படிவத்தைத் திரும்ப வாங்கிட்டானாம்."

வைத்தியர் பையைக் கீழே வைத்தார். "எப்ப?"

"இன்னைக்கு மத்தியானம். நாமதான் அங்க போய்ச் சேரணும்னு எழுதியிருக்கு. அவனாவது இங்கயே இருக்கட்டும். அவன் பொண்டாட்டிக்கு இங்க பள்ளிக்கூட வேலை, பிள்ளைங்களும் இங்கயே வளர்ந்துட்டுங்க. அந்தப் புது ஊர்ல என்னத்த பண்ணுவாங்க சொல்லுங்க." ஒரு சட்டையை உதறிக்கொண்டே சிரித்தாள். "ரேஸ் எஞ்சினுக்குத் தலை வெட்டப் போறானாம். பேச்சைப் பார்க்கணும். சின்ன வயசுல மிட்டாய் கிடைச்சா இப்படித்தான் குதிப்பான்."

"அவனை அவசரப்பட வேண்டாம்னு சொல்லு."

"ஏன்? நீங்கதானே சொன்னீங்களாம், நாலாம் ரூம்தான்னு?"

அவர் முகம் கழுவப் போனார். மாற்றல் செய்தியை இவள் வெளியே விடவில்லை; ஆனால் தம்பியின் பிழைப்பைத் தொடும் இந்த உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிடம் அவனுக்குப் போகும், அங்கிருந்து ரேடியோவுக்கு, அங்கிருந்து உலகத்துக்கு. தன் மாற்றல் உத்தரவு பறிபோனால் இரண்டு குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும். இப்படி அவர் தனக்குக் காரணம் சொல்லிக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் குனிந்தே நின்றார்.

வியாழக்கிழமை காலை பிரிவு மேலாளரின் அறைக் கதவைத் தட்டினார்.

மேலாளர் அவரைவிட இருபது வயது இளையவர். யாரையும் கடிந்து பேசாதவர். வைத்தியர் எதையும் மறைக்காமல் சொன்னார்: குமிழைப் பிடித்து விளையாடியது, ஒன்பது இறக்கை, மூன்றால் வகுத்த கணக்கு, எல்லாம். மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஒன்பதா! அந்த ஆள் பாவம்."

"சார், நிறுவனத்துலேர்ந்து ஒரு வரி மறுப்பு கொடுத்தா போதும். அது ரேஸ் எஞ்சின் இல்லைன்னு."

"நாங்க எதையுமே சொல்லலையே சார். சொல்லாததை எப்படி மறுக்கிறது?"

"ஆளுங்க படிவத்தைத் திரும்ப வாங்கறாங்க."

"தெரியும்." மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட மறைக்கலை. அங்க இருக்கிறது தொண்ணூறு இடம்தான். முதல் வாரம் இருநூத்திப் பத்துப் பேர் கொடுத்திருந்தாங்க. நூத்தியிருபது பேரைக் கூப்பிட்டு உனக்கு இடமில்லைன்னு நான் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும். ரெண்டு வாரமா எனக்குச் சாப்பாடே இறங்கலை. இப்ப என்னடான்னா எண்பதுதான் மிச்சம். யாரையும் வேண்டாம்னு சொல்ல வேண்டியதில்லை. அவங்களே வேண்டாம்னுட்டாங்க."

வைத்தியர் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"நான் பண்ணின காரியத்தால..."

"நீங்க என்ன பண்ணினீங்க? ஒரு மெஷினை ஓட்டிப் பார்த்தீங்க. விடுங்க." பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல், "உங்க மச்சினர் வால்வு சீட் பிரிவுல இருக்கார் இல்ல? அவருக்கு வேணும்னா சொல்லிக்கோங்க. பத்து இடம் காலியாத்தான் இருக்கு. வீட்டு ஆளுக்கு மட்டும். வெளியே வேண்டாம்" என்றார்.

கருணை இப்படியும் வரும் என்று வைத்தியர் அறிந்திருக்கவில்லை. நூற்று முப்பது பேரை விட்டுவிட்டு ஒருவனை மட்டும் கரையேற்றிக்கொள்ள அனுமதி. நன்றி சொல்வதா, எழுந்து போவதா என்று தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார். கூடத்தில் எதிர்ப்பட்டவர்கள் அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். அவர்களுக்கும் சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஒருமுறை நினைத்தார். ஒவ்வொரு முகமும் கடந்து போயிற்று.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை முடிந்ததும் மைத்துனனைக் கையோடு இழுத்துக்கொண்டு சோதனைப் பிரிவுக்குப் போனார். நாலாம் அறையின் கதவைத் தன் சாவியால் திறந்து விளக்கைப் போட்டார்.

அறை வெறுமையாக இருந்தது. தரையில் அடித்தளத்தின் எட்டுப் போல்ட்டுகள் மட்டும் நட்டு இல்லாமல் துருத்திக்கொண்டு நின்றன. பொறி இருந்த இடத்தில் அதன் வடிவத்திலேயே வெளிறிய சதுரம். சுற்றிலும் பல்லாண்டு எண்ணெய்க் கறை. வெட்டப்பட்ட மின்கம்பிகளின் முனைகளில் நாடா சுற்றியிருந்தது.

"எங்க மாமா மெஷின்?"

"சனிக்கிழமையே லாரியில ஏத்திட்டாங்க. வித்தாச்சு."

"யாருக்கு?"

"தெரியாது. என்கிட்ட சொல்லலை. இங்க பாரு, நல்லா கேட்டுக்கோ."

வைத்தியர் சுண்ணக்கட்டி எடுத்துச் சுவரில் எழுதினார். ஐயாயிரம். பெருக்கல் ஒன்பது. நாற்பத்தையாயிரம். விசிறியைப் பற்றிச் சொன்னார். திறந்திருந்த கதவைக் காட்டினார். குமிழைப் பிடித்த கையைக் காட்டி, இப்படித்தான் ஏற்றினேன், இப்படித்தான் இறக்கினேன் என்று நடித்தும் காட்டினார். சொல்லச் சொல்லச் சொற்கள் தங்குதடையின்றி வந்தன. திங்கட்கிழமையிலிருந்து அவர் மனத்தில் அத்தனை முறை ஒத்திகை நடந்திருந்தது.

மைத்துனன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கணக்கில் கெட்டிக்காரன்.

"கணக்கு சரியா இருக்கு மாமா" என்றான் கடைசியில். "ஆனா அதே நாப்பத்தையாயிரத்தை மூணால வகுத்தாலும் சரியாத்தானே வருது?"

"டேய், ரூம்ல எஞ்சினே இல்லைங்கிறேன்!"

"இப்பவும்தான் ரூம்ல ஒண்ணும் இல்லை. யாருக்குன்னே சொல்லாம, சனிக்கிழமை, ஆலை லீவு நாள்ல, லாரி வெச்சு மெஷினையே தூக்கிட்டுப் போயிருக்காங்க. பழைய டைனோவை விக்கறவன் இவ்வளவு ரகசியமாவா விப்பான்?" அவன் கண்கள் விரிந்தன. "மாமா, இது ரேஸ் எஞ்சின் சோதனையைத் தனி இடத்துக்கு மாத்தறாங்க. உங்களுக்கே சொல்லலைன்னா பாருங்க!"

வைத்தியர் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த வெற்றறையைவிடப் பெரிய சான்று தம்மிடம் இல்லை. அவனோ அதைத் தன் பக்கத்துச் சான்றாக வாங்கிக்கொண்டுவிட்டான். எதைக் கொடுத்தாலும் அந்த நம்பிக்கை அதைத் தின்று பெருகும். எஞ்சின் இருந்தால் இருப்பதால் உண்மை. இல்லாவிட்டால் ஒளித்ததால் உண்மை.

"மேலாளரே என்கிட்ட சொன்னார்டா. உனக்கு இடம் இருக்கு, இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள போடச் சொன்னார்."

"அவரா? என்னை அனுப்பறதுல அவருக்கு என்ன அவ்வளவு அக்கறை?" என்றவன், சட்டென்று நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தான். "நீங்க போட்டாச்சா?"

வைத்தியர் சுண்ணக்கட்டியை உள்ளங்கையில் உருட்டினார். "முதல் வாரமே."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு மட்டும் தெரியாது." அவன் குரல் உயரவில்லை. "திங்கட்கிழமை அத்தனை பேர் முன்னாடி நாலாம் ரூம்னு சொன்னதும் நீங்க. இன்னைக்கு ஒண்ணுமே இல்லைங்கிறதும் நீங்க. இதுல எந்த மாமாவை நான் நம்பறது?"

மைத்துனன் சுவரில் இருந்த கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினான்.

"பேட்டரி ஆலையில எனக்கு என்ன வேலை தெரியுமா? பெட்டி அடுக்கணும். விசாரிச்சேன். பத்தொன்பது வருஷமா வால்வு சீட் வெட்டறேன் மாமா. இந்த ஊர்ல ரேஸ் ஹெட் வந்தா என்னை விட்டா வெட்ட ஆள் கிடையாது. அது உங்களுக்கும் தெரியும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அப்படி ஒண்ணு என் கைக்கு வரட்டும்னுதான் நான் கேக்கறேன்."

அவன் போய்விட்டான். வைத்தியர் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினார்.

நாலரை மணிக்கு அவர் பணியாளர் அலுவலகத்தின் முகப்பில் நின்றார். மாற்றல் படிவம் ஒன்றை வாங்கி, மைத்துனனின் பெயர், பிரிவு, பணியில் சேர்ந்த தேதி எல்லாவற்றையும் தன் கையாலேயே நிரப்பினார். கையெழுத்துக்கான கட்டம் ஒன்றே மிச்சம்.

"அவர் நேர்ல வந்து போடணும் சார்" என்றாள் முகப்பில் இருந்த எழுத்தர். "ஆறு இடம் இருக்கு. அஞ்சு மணிக்கு நான் கதவை இறக்கியாகணும்."

வைத்தியர் மைத்துனனை அழைத்தார். முதல் முறை எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை எடுத்தான். "எனக்காக வாடா. உனக்காக வேண்டாம், எனக்காக. உங்க அக்காவுக்காக" என்றார். அவர் குரல் உடைந்தது. "இருங்க, வர்றேன். அழாதீங்க" என்றான் அவன்.

ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தான். படிவத்தை வாங்கிப் படித்தான்; தன் வாழ்க்கை மாமாவின் கையெழுத்தில் இருப்பதைப் பார்த்து மெல்லச் சிரித்தான்.

"சேர்ந்த மாசத்தைத் தப்பாப் போட்டிருக்கீங்க."

"திருத்திக்கலாம். போடு."

எழுத்தர் பேனாவை நீட்டினாள். அவன் வாங்கினான். படிவத்தை முகப்புப் பலகையில் வைத்து இடக்கையால் நீவிவிட்டான். பேனா முனை கட்டத்தின்மேல் வந்து நின்றது. அது தாளைத் தொட்டதா என்று வைத்தியர் குனிந்து பார்த்தார். தொட்டு ஒரு புள்ளி விழுந்திருந்தது.

அப்போது வெளியே நடைபாதையில் ஓடிவரும் காலடிகளும் ரேடியோவின் குரலும் சேர்ந்தே கேட்டன.

"நிறுவனம் பதில் சொல்லிடுச்சு! வெப்சைட்டுக்குப் பதில் அனுப்பிட்டாங்க! இப்பத்தான் வந்தது!"

அவனுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர். ரேடியோ மூச்சிரைக்கக் கைப்பேசியைப் பார்த்து வாசித்தான். "'ஊகங்கள் குறித்து நிறுவனம் கருத்துத் தெரிவிப்பதில்லை.'"

"அவ்வளவுதானா?" என்றாள் எழுத்தர்.

"அவ்வளவுதானாவா? இல்லைன்னு சொல்லலியேம்மா! இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வார்த்தை!"

நடைபாதை ஆர்ப்பரித்தது. மேலாளர் நேற்றுச் சொன்ன சொற்களே அதிகாரபூர்வ உடை அணிந்து வந்திருப்பதை அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டுமே அறிவார். அவர் மைத்துனனின் தோளைப் பற்றி, "அதைக் கேக்காதே, போடு. அது வெறும் வார்த்தைடா. போடு" என்றார். கூச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

மைத்துனன் பேனாவைப் பலகைமேல் வைத்தான். முரட்டுத்தனமாக வைக்கவில்லை, மற்றவருக்கு உரியதைத் திருப்பிக் கொடுப்பவனின் மரியாதையோடு, மூடியைப் பொருத்தி வைத்தான்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றாள் எழுத்தர், யாரையும் பார்க்காமல்.

அந்த நாலு நிமிடமும் வைத்தியர் பேசினார். கெஞ்சினார். ஒருமுறை அவன் கையைப் பிடித்து இழுக்கவும் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்து, "அது விசிறிய்யா! ரூம்ல எஞ்சின் கிடையாது, நான்தான் ஓட்டினேன்!" என்று உரக்கச் சொல்லியேவிட்டார். கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ரேடியோ அவர் முதுகைத் தட்டினான்.

"புரியுது வைத்தியரே. உங்க வாயை அடைச்சிட்டாங்க. நீங்க கவலைப்படாதீங்க, நாங்க உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டோம்."

யாரோ கண்ணடித்தார்கள். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தாள், எழுந்தாள், சுருள் கதவின் கொக்கியைப் பிடித்து இழுத்தாள். அது கடகடவென்று இறங்கி முகப்புப் பலகையில் வந்து முட்டியது. படிவம் அந்தப் பக்கம் சிக்கிக்கொண்டது.

கூட்டம் பேசிக்கொண்டே ஆலை வாசலை நோக்கிக் கலைந்தது. வைத்தியர் மூடிய கதவைப் பார்த்தபடி நின்றார். மைத்துனன் மட்டும் போகவில்லை. பக்கத்தில் வந்து அவர் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டான். நாலாம் அறையில் இருந்த கோபத்தின் சுவடுகூட இப்போது அவன் முகத்தில் இல்லை. அந்தப் புது ஊரில், தெரிந்தவர் ஒருவரும் இல்லாத இடத்தில், இந்த வயதில் மாமா எப்படித் திண்டாடப் போகிறார் என்ற பரிவுதான் இருந்தது.

"மாமா, மனசை விட்டுடாதீங்க. கொஞ்ச நாள்தான். இங்க எஞ்சின் வந்ததும் மேலே இருக்கிறவங்ககிட்ட நானே பேசறேன். வைத்தியர் காது இல்லாம ரேஸ் எஞ்சினை எப்படிச் சோதிப்பீங்கன்னு கேக்கறேன். உங்களைத் திரும்பக் கூப்பிடச் சொல்றேன். சரியா?"

வைத்தியர் அவனைப் பார்த்தார். சொல்வதற்கு அவரிடம் உண்மை எதுவும் மிச்சமில்லை, எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது.

"சொல்லுடா" என்றார். "மறக்காம சொல்லு."